மனுக்களில் பிழைத்த இங்கிலீஷ்

டைப் அடித்துச் சாப்பிடுகிறவனுக்குப் பத்து விரல் இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. இந்தத் தொழிலில் இறங்குகிறவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலுமாகப் பதினான்கு வருஷம், தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் ஆபீஸ்களுக்கு இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பு. கொஞ்சம் தெரிந்தவர்கள் தாங்களே எழுதிக்கொண்டு வந்து அடித்துத் தரச் சொல்வார்கள். தெரியாதவர்கள் தமிழில் சொல்வார்கள். நான் இங்கிலீஷாக்கி அடிப்பேன். பக்கத்து மேஜையில் கோமதிநாயகம் அண்ணாச்சி தமிழ் மனு எழுதுவார். சாரல் மாசங்களில் காற்று காகிதங்களை ரோட்டுக்கு அள்ளிக்கொண்டு போகும் என்பதால் சிற்றாற்றுக் கூழாங்கல் ஆளுக்கு ஒரு டஜன் வைத்திருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கியவன் நான். அது ஒரு வியாதி. பிறர் எழுதிய வாக்கியத்தில் தப்பைக் கண்டால் எனக்கு விரல் அரிக்கும். உங்களுக்கும் அது உண்டென்றால், கேட்காமலே திருத்திக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட ஆள் நீங்கள் என்றால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே வார்டு.

குடும்பமே பிரசவித்தது

நான் கடை போட்ட முதல் மாசம். பஸ் கண்டக்டர் சுடலைமுத்து காக்கிச் சட்டையோடு வந்து ஒரு லீவு லெட்டரை நீட்டினார். டிக்கெட் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் எழுதியிருந்தார். ‘மை ஃபேமிலி இஸ் டெலிவர்ட் எ மேல் சைல்ட்.’ எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அண்ணாச்சி, ஃபேமிலின்னா பெண்டாட்டி இல்லை. ‘வைஃப்’ என்று போட வேண்டும். இப்படியே கொடுத்தால் உங்கள் குடும்பம் மொத்தமும் பிள்ளை பெற்றது என்று மேனேஜர் நினைப்பார்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “அப்ப ஃபேமிலின்னா யாரெல்லாம் சார்?” என்று கேட்டார். அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெண்டாட்டி, பிள்ளை என்று நான் வரிசையாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை நீட்டினார். நீட்டியதை உடனே மடக்கினார். அப்பாவும் அம்மாவும் அவருடைய மூன்றாம் வயதில் ஒரே வாரத்தில் காலராவில் போனவர்கள். கூடப் பிறந்தவர் ஒருவரும் கிடையாது. பல வீடுகளில் மாடு மேய்த்து, பல கைகளில் சோறு வாங்கித் தின்று ஆளானவர். கடைசியில் ஒரு விரல் மட்டும் மடங்காமல் நின்றது. அதை என் முகத்துக்கு நேரே காட்டிச் சொன்னார்:

“நேத்து வரைக்கும் அவ ஒருத்திதான் சார் எனக்கு ஃபேமிலி. நீங்க சொன்ன அர்த்தத்துலதான் எழுதிருக்கேன், அப்படியே அடிங்க.”

ஆசையும் பயமும்

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார், நாற்பது வயதிருக்கும், பெயர் இசக்கியப்பன். பம்பாயில் வேலை பார்க்கும் அண்ணனுக்குக் கடிதம். அங்கே மேலதிகாரியிடம் காட்டினால்தான் லீவு கிடைக்கும் என்பதால் இங்கிலீஷ். முத்து முத்தான கையெழுத்தில் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். நடுவில் ஒரு வரி: ‘ஐ ஹோப் ஃபாதர் வில் நாட் லிவ் டில் சண்டே.’ மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டேன். “சார், ‘ஹோப்’ என்பதை ஆசைப்படுகிற விஷயத்துக்குத்தான் போட வேண்டும். பயப்படுகிற விஷயத்துக்கு ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’. இப்படியே போனால், அப்பா ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விட வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதாக அல்லவா ஆகும்?” என்று வெகு சமத்தாகச் சொன்னேன்.

அவர் முகத்தில் ரத்தமில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். தானாகவே சொல்ல ஆரம்பித்தார். அப்பா படுத்து மூன்று வருஷம். பேச்சில்லை, புரண்டு படுக்க முடியாது. விடியுமுன் எழுந்து அவரைத் தூக்கித் துடைத்து, துணி அலசிப் போட்டு, கரண்டியால் கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறார். மத்தியானம் ஓடி வந்து மறுபடியும் அதே. முதுகில் புண் வந்துவிட்டதாம். தொட்டால் கிழவர் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறப்பாராம். “முந்தாநாள் சாமி படத்துக்கு முன்னால நின்னு நான் அதைத்தான் கேட்டேன்” என்றார்.

இலக்கணத்தால் ஒரு மனிதரை இப்படித் திறந்துவிட முடியும் என்று எனக்குத் தெரியாது. ‘அஃப்ரெய்ட்’ என்று போட்டு அடித்துக் கொடுத்தேன். டைப் அடித்ததைக் கவரில் வைத்தார். கையால் எழுதியதைச் சின்னதாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படியிறங்குமுன் திரும்பினார்.

“இங்கிலீஷ் தெரியாம எழுதிட்டேன்னே இருக்கட்டும், சார்.”

மந்திரச் சொல்

வேலாயுதம் ஒரு விவசாயி. அவருடைய வயலுக்குத் தண்ணீர் வரும் மடை உடைந்துவிட்டது. கார் பருவத்து நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விடுமுன் அதைச் சரி செய்யச் சொல்லி ஓர் ஆபீஸுக்கு மனு. எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. அவர் மாதிரிக்குக் கொண்டுவந்த பழைய மனுவின் கடைசியில் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்றிருந்தது. நான் அதை அடித்தேன், அதாவது கோடு போட்டு அடித்தேன். ‘வேண்டியதைச் செய்யவும்’ என்றால் என்ன அர்த்தம்? வேண்டியது என்னவென்று சொல்ல வேண்டாமா? எந்த மடை, என்ன உடைப்பு, எந்தத் தேதிக்குள் சரியாக வேண்டும் என்று ஐந்து வரியில் பளிங்கு மாதிரி எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. ஒரு கொத்தனார்கூட எட்டிப் பார்க்கவில்லை. அங்கே நாற்று தயாராகிவிட்டது. வேலாயுதம் என் கடைக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். திட்டியிருந்தால் தேவலை.

பொறுக்க மாட்டாமல் நானே அவரோடு அந்த ஆபீஸுக்குப் போனேன். தலைமை கிளார்க் மரியாதையாகத்தான் எழுந்து போய்க் காகிதக் கட்டிலிருந்து மனுவை எடுத்தார். அவரும் அதைப் படித்து ரசித்திருந்தார். “நல்ல இங்கிலீஷ்” என்று பாராட்டினார். பிறகு, கடைசியில் அந்த வரி இல்லாததால் இதை யாரோ தகவலுக்காக எழுதிய கடிதம் என்று வைத்துவிட்டதாகச் சொன்னார். அங்கேயே நின்று பேனாவால் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று சேர்த்தேன். நான்காம் நாள் மடைக்கு ஆள் வந்தது. எட்டாம் நாள் வயலில் தண்ணீர் நின்றது. வேலாயுதம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டினார். வரப்பில் நின்று, அந்த நான்கு வார்த்தை இவ்வளவு தண்ணீரை எப்படிக் கொண்டுவந்தது என்று மலைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் பேனாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஏலே, நீ சாமிக்கு வெவரம் சொல்லியிருக்கே, கும்பிடு போடல.”

அப்பா அருவியில்

ஒரு சீசனில், மதுரைப் பக்கத்திலிருந்து ராமநாதன் என்று ஒருவர் தன் வயதான தகப்பனாரோடு குற்றாலத்தில் வந்து தங்கியிருந்தார். பெரியவருக்கு அருவி பிடித்துவிட்டது. பிள்ளைகள், பெண்கள், பேரன் பேத்திகள் எல்லோரையும் உடனே வரவழை என்று மகனிடம் ஒரே அடம். மகன் தந்திக்கு வாசகம் எழுதி, தப்பிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். ‘ஃபாதர் என்ஜாயிங் இன் குற்றாலம் ஃபால்ஸ். ஆல் ஸ்டார்ட் இமீடியட்லி.’ என் கண் நேரே ‘என்ஜாயிங்’கில் போய் விழுந்தது. அந்தச் சொல் தனியாக நிற்காது. எதை அனுபவிக்கிறார் என்று ஒரு செயப்படுபொருள் வேண்டும், இல்லையென்றால் ‘ஹிம்செல்ஃப்’ என்றாவது வர வேண்டும். எதற்கு வீண் வார்த்தை என்று ‘என்ஜாயிங்’கையே எடுத்துவிட்டேன். மிச்சம் என்ன நின்றது என்று நான் படித்துப் பார்க்கவில்லை. நீங்கள் படித்துப் பாருங்கள். அப்பா குற்றாலம் அருவியில். எல்லோரும் உடனே புறப்படவும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குளிக்கலாம் என்று நானும் குற்றாலம் போயிருந்தேன். மத்தியானம் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். பெண்கள் வாயில் முந்தானையை வைத்து அழுத்தியிருந்தார்கள். ஓர் ஆள் கையில் தந்திக் காகிதம். மெயின் அருவிப் பக்கம் நின்ற போலீஸ்காரரிடம் அவர் கேட்ட கேள்வி என் காதில் விழுந்தது: “எந்த இடத்துல சார் எடுத்தாங்க?” எனக்கு அங்கேயே எல்லாம் புரிந்துவிட்டது. 

அதற்குள் மூத்த மகள் பார்த்துவிட்டார். பெரியவர் இடுப்பில் துண்டோடு, தலையில் எண்ணெய் வழிய, அருவிக்கு அடியில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் ஆண்கள் பக்கம் என்றும் பாராமல், கட்டின புடவையோடு ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டு கதறினார். பின்னாலேயே பத்துப் பேரும். தண்ணீர் இரைச்சலில் கிழவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லோர் தலையையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அருவிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அந்தக் குடும்பம் முழுவதும் தண்ணீருக்கு அடியில் நின்றதை நான் பார்த்தேன். வெளியே வந்ததும் விஷயம் தெரிந்து ராமநாதன் என்மேல் பாய்ந்தார். பெரியவர் குறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பத்து வருசமா, நல்லா இருக்கேன், வந்து பாத்துட்டுப் போங்கன்னு எழுதுறேன், ஒருத்தரும் வரல, உங்க இங்கிலீஷுக்குத்தான் தம்பி அத்தனை பேரும் வந்திருக்காங்க!”

காணோம் என்றால்

இதைச் சொல்லாமல் தாண்டிப் போகலாம் என்றுதான் பல தடவை நினைத்தேன். என் தப்புகளிலேயே பெரியது இது.

வடகரையிலிருந்து மைதீன் பாத்து என்ற பெண் தன் அண்ணன் சாகுலோடு வந்தார். முப்பது வயது சுமார். தென்னங்கீற்று முடைகிற கை, விரலெல்லாம் கீறல். கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் பினாங்குக்குப் போயிருக்கிறார், ஒரு கடையில் வேலை. பிறகு ஜப்பான் சண்டை வந்தது, கடிதம் நின்றது. சண்டை முடிந்தும் ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. “எங்க மாப்பிள்ளையைக் காணோம்னு அங்க உள்ள சர்க்காருக்கு எழுதுங்க தம்பி” என்றார் பாத்து. அவர்கள் பேச்சில் மாப்பிள்ளை என்றால் புருஷன். குடை காணோம் என்றால் ‘லாஸ்ட்’. பர்ஸ் காணோம் என்றால் ‘லாஸ்ட்’. நான் யோசிக்கவே இல்லை. ‘ஐ லாஸ்ட் மை ஹஸ்பெண்ட் இன் த வார்’ என்று அடித்து அனுப்பினேன்.

நான்கு மாசத்தில் பதில் வந்தது. இரண்டு பேரும் அதை என்னிடமே படிக்கக் கொண்டுவந்தார்கள். உங்கள் கணவர் இறந்ததற்கு வருந்துகிறோம் என்று இருந்தது. கூடவே, கணவனை இழந்த பெண்கள் பூர்த்தி செய்கிற ஒரு ஃபாரம். நான் படித்துச் சொன்னேன். சாகுல் பெருமூச்சு விட்டு, “சர்க்காரே சொல்லிட்டு. இனிமே என்ன? புளியறைக்காரருக்கு வாக்குக் கொடுத்திருதேன்” என்றார். புளியறையில் கடை வைத்திருந்த ஒருவர் பாத்துவைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தாராம். பாத்து அழவில்லை. அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எந்த ஊர்ல, என்னைக்கு மவுத்தானாருன்னு போட்டிருக்கா தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றேன். இருவரும் எழுந்து போனார்கள்.

ஊரும் தேதியும் இல்லாத சாவு என்ன சாவு? எனக்கு அது உறுத்தியது. நான் அனுப்பியதன் கார்பன் காப்பியைத் தேடி எடுத்தேன். அதைப் படித்த மாத்திரத்தில் என் தப்பு தெரிந்துவிட்டது. குடையைத் தொலைத்தால் காணோம் என்று அர்த்தம். புருஷனைப் பற்றி அதே சொல்லைச் சொன்னால் செத்துப்போனார் என்று அர்த்தம். அவர்கள் எங்கும் விசாரிக்கவில்லை. நான் சொன்னதைப் படித்துவிட்டு எனக்கே துக்கம் விசாரித்திருக்கிறார்கள். கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் காட்டினேன். “இன்னும் ஏன்லே நிக்கே? ஓடு. அவ சரின்னு தலையாட்டிட்டான்னா அப்புறம் என்ன செய்வே?” என்று கத்தினார்.

அவர்கள் ஏறியிருந்த செங்கோட்டை பஸ் புறப்படுகிற நேரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, நடந்த தப்பைச் சொன்னேன். சாகுல் கீழே குதித்து என் சட்டையைப் பிடித்துவிட்டார். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். மேலேயிருந்து பாத்து அண்ணனைக் கூப்பிட்ட குரல் வந்தது: “காக்கா, விடுங்க.” பிறகு என்னிடம், “அப்ப எங்க மாப்பிள்ளை மவுத்தானது அவங்களுக்குத் தெரியாது. நீங்க சொல்லித்தான் தெரியும். அப்படித்தானே தம்பி?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப நல்லதுதான். இறங்குதேன், திரும்ப எழுதுங்க” என்றார். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு சேதியும் இல்லாதவரை உயிரோடு வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு முன்னால், இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கியவன் தலைகுனிந்து நின்றேன்.

‘மை ஹஸ்பெண்ட் இஸ் மிஸ்ஸிங்’ என்று ஆரம்பித்து, உயிரோடு இருக்கிறாரா என்று தெரியவில்லை, தேடித் தாருங்கள் என்று அடித்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் தமிழில் சொல்லி, சரிதானா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். சாகுல் புளியறைக்காரரைக் காத்திருக்கச் சொன்னார். ஒன்பது மாசம். அந்த ஒன்பது மாசமும் தபால்காரரைக் கண்டால் நானே எழுந்து எதிரே போய்க் கேட்பேன்.

வந்தது சர்க்கார் கடிதம் அல்ல. கோணல் மாணலாகத் தமிழில் எழுதிய ஒரு கடிதம். பாத்துவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்தேன். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அவரைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். காட்டில் ஒரு காலில் புண் வைத்து, அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள். உயிரோடு திரும்பி ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சமையல் செய்கிறார். தன் பேரைச் சொல்லித் தேடுகிறார்கள் என்று அங்கே அறிவிப்புப் பலகையில் பார்த்ததும்தான் எழுதியிருக்கிறார். ‘ஒற்றைக் கால் மனுஷனாக வந்து உனக்குப் பாரமாக இருக்க மாட்டேன். நான் செத்ததாக வைத்துக்கொண்டு வேறு வாழ்க்கை பார்த்துக்கொள்’ என்று முடித்திருந்தார்.  சாகுல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாத்து மட்டும் ஏதோ கடைக்குப் போன ஆள் நேரம் கழித்துச் சொல்லியனுப்பிய மாதிரி, கோபமாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சாரலுக்குள் மாப்பிள்ளை வந்து சேர்ந்துவிட்டார். கட்டைக்கால் வைத்து வடகரையில் டீக்கடை போட்டார். நான் அங்கே எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன். அவரை வரவழைத்தது என் இங்கிலீஷ் அல்ல. அன்றைக்கு அந்தக் கடிதத்தைப் படித்து முடித்தவுடன் பாத்து சொல்லச் சொல்ல, ஓர் எழுத்துக்கூடத் திருத்தாமல், நான் கையால் எழுதிய தமிழ் வரி:

“ஒரு காலு இல்லேன்னா என்ன? ஒங்களை நடந்தா வரச் சொல்லுதேன், கப்பல்லதானே வரச் சொல்லுதேன்?”

பதினான்கு வருஷம் ஊராரின் இங்கிலீஷைத் திருத்திப் பிழைத்ததில் நான் கண்டது, தப்பாக எழுதியவர்கள் எல்லோரும் நினைத்ததைச் சொல்லிவிட்டார்கள், சரியாக எழுதிய ஒருவன்தான் அடிக்கடி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது என்பதுதான்.